இறங்காத கோடு

"அக்கா, குழந்தையைத் தூக்கினா எவ்ளோ நேரத்துல இறங்கும்?"

ஞாயிற்றுக்கிழமை மதியம், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், மோர்க்குழம்பைச் சாதத்தில் ஊற்றிக்கொண்டே என் தம்பி நெடுமாறன் இதைக் கேட்டான். மாத்திரை போட்டால் காய்ச்சல் எப்போது இறங்கும் என்று டாக்டரிடம் கேட்பார்களே, அந்தத் தொனி. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. குழந்தை அதன் அம்மா கோமதியோடு தென்காசியில் இருந்தது. இவன் சென்னையில் இருந்தான்.

"எது இறங்கும்?" என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

"கோடு."

இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். முழங்கைக்கு மேலே, கையின் உட்புறத்தில், பாக்கு அளவில் ஒரு பேட்ச் ஒட்டிக்கொள்வார்கள். வியர்வையில் இருக்கும் ஹார்மோன்களை நாள் முழுக்க அளந்து போனுக்குக் கோடாக அனுப்பும். முதலில் நோயாளிகளுக்காக வந்தது. பிறகு விளையாட்டு வீரர்களிடம் போனது. கடைசியில், எந்த நல்ல பொருளும் போய்ச் சேரும் இடமான கம்பெனிகளின் மனிதவளத் துறைக்குப் போய்ச் சேர்ந்தது.

தம்பி வேலை பார்த்த தென்முனை கார்கோவில் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்ப்பார்கள். வருடம் முழுக்க அந்தக் கோடு சரியாமல் நின்றவனுக்குத்தான் மண்டலத் தலைவர் பதவி. இதற்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். ஆதிகாலத்தில் கோடு உயர்ந்தவன் வேட்டைக்குப் போனானாம், கோடு தாழ்ந்தவன் குகையில் உட்கார்ந்து பிள்ளை வளர்த்தானாம். ஆகவே முன்னவன் ஹன்டர், பின்னவன் கீப்பர். லாரிகளை நேரத்துக்கு அனுப்ப ஹன்டர்தான் வேண்டுமாம். ஆதிமனிதன் எந்தக் குகையில் என்ன செய்தான் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்ல இவர்கள் யாரும் அங்கே இருந்ததில்லை. பெண்களுக்கு வேறொரு அளவுகோல் வைத்திருந்தார்கள். அது இதைவிடக் கேவலம். அதைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது.

நான் ஹார்மோன் ஆராய்ச்சி செய்கிறவள். குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் அப்பாக்களுக்கு அந்த அளவு கொஞ்சம் குறைவது உண்மை. அது நோயும் இல்லை, ஆண்மைக் குறைவும் இல்லை. வீட்டில் ஒரு சின்ன உயிர் இருக்கிறது, இனி முறைத்துக்கொண்டு திரிய வேண்டாம் என்று உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். குறைவதால் பாசம் வருகிறதா, பாசமாகப் பார்த்துக்கொள்வதால் குறைகிறதா என்று நாங்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

"ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க அக்கா. அரை மணி நேரம் மடியில வெச்சிருந்தா ஒரு வாரத்துக்குப் போச்சாம். அதான் வீடியோ கால்ல மட்டும் பாக்கறேன். அதுலயும் இறங்குமா? மியூட் பண்ணிட்டுப் பாத்தா பரவாயில்லைன்னு ஒருத்தன் சொன்னான்."

"நீ உன் பொண்ணை மியூட்ல போட்டா பாக்கறே?"

அவன் அப்பளத்தை உடைத்தான்.

"அஞ்சாம் மாசம் கூட்டிட்டு வரணுமே, எப்ப போறே?"

"ஆடி வருதே. ஆவணில பாத்துக்கலாம்னு கோமதிகிட்ட சொல்லிட்டேன்."

இவன் ஆடி, ஆவணி பார்க்கிறவன் இல்லை. ஒரு ஆடி மாதத்தில்தான் இவன் புது பைக் வாங்கினான். ஆனால் தென்முனையில் அப்போது எல்லா இளம் அப்பாக்களுக்கும் பஞ்சாங்கத்தின் மேல் திடீர் பக்தி வந்திருந்தது. மனைவியை அழைத்துவர யாருக்குமே நல்ல நாள் கிடைக்கவில்லை.

அந்த வருடம் கம்பெனிகளின் அளவுகோல்களைச் சரிபார்க்கும் வேலையை அரசாங்கம் எங்கள் ஆராய்ச்சி நிலையத்திடம் கொடுத்தது. தென்முனை என் பங்குக்கு வந்தது. என் தம்பி அங்கே வேலை செய்கிறான், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. சரி என்று உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. அப்பாவான ஆண்களில் ஒரு பெரிய கூட்டத்துக்குக் குழந்தை பிறந்து பல மாதங்கள் ஆகியும் கோடு அசையவே இல்லை. அளவுகோலைச் செய்து கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் இவர்களை அபூர்வமான உறுதி படைத்தவர்கள் என்று தனியாகப் பிரித்து, இவர்களை வைத்துத்தான் பதவி உயர்வுக்கே வரையறை போட்டிருந்தார்கள். அந்த அபூர்வ மனிதர்களில் சிலருக்கு நானே போன் செய்து பேசினேன். பிறகு தென்முனையின் இயக்குநர்கள் கூட்டத்துக்குப் போனேன்.

தலைமை இயக்குநர் பத்மநாபன் மென்மையான மனிதர். எல்லோருக்கும் பாதாம் பால் வரவழைத்தார். என் எதிரே உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கவனமாகக் கேட்டார்.

"உங்க மெஷின் குழந்தை பிறந்த தேதியை மட்டும் எடுத்துக்குது சார்," என்றேன். "அன்னிலேர்ந்து குழந்தை அப்பா கூட இருக்கறதா நினைச்சுக்குது. இதைப் பண்ணினவங்க ஊர்ல அப்படித்தான். நம்ம ஊர்ல பொண்ணு வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போறா. குழந்தை அங்க பொறக்குது. மூணு மாசமோ அஞ்சு மாசமோ கழிச்சுத்தான் இங்க வர்றா. உறுதியானவங்கன்னு நீங்க பிரமோஷன் குடுத்தவங்க குழந்தையைச் சரியாப் பாத்ததுகூட இல்லாதவங்க. அவ்வளவுதான் விஷயம்."

அங்கே இருந்த ஒவ்வொருவரும் அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தவர்கள்தான். அவர்கள் மனைவிமாரும் அப்படிப் போய் வந்தவர்கள்தான். ஊருக்கே தெரிந்த வழக்கம், ஆனால் ஒரு பதவிக்கான அளவுகோல் போடும்போது அது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்ததில் தப்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அப்போ டாக்டர்," என்றார் பத்மநாபன், "குழந்தை கூட இல்லேன்னா கோடு இறங்காது, இல்லையா?"

"இறங்காது."

"எத்தனை மாசம் ஆனாலும்?"

"பழகாத வரைக்கும் இறங்காது. அதனாலதான் சொல்றேன், இதுல உறுதியும் இல்ல, தலைமைப் பண்பும் இல்ல. இந்த அளவுகோலைத் தூக்கிப் போடுங்க."

"ரொம்பத் தெளிவா சொன்னீங்க," என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். வழியில் ஒரு ஓட்டலில் இறங்கி, அடை அவியலை ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மாதம் தென்முனை கார்கோ 'தாய்வீட்டுத் திட்டம்' என்று ஒன்றை அறிவித்தது. ஊழியரின் மனைவியும் குழந்தையும், குழந்தைக்கு மூன்று வயதாகும் வரை மனைவியின் பிறந்த வீட்டிலேயே இருக்கலாம். வீட்டுக்கு நர்ஸ், குழந்தைக்கு டாக்டர், எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். மண்ணின் மரபை மதிக்கும் முயற்சி என்று பத்திரிகைகள் பாராட்டின. அறிவிப்பின் கடைசியில், டாக்டர் திலகவதியின் ஆய்வுக்கு நன்றி என்று என் பெயரையும் போட்டிருந்தார்கள்.

பத்மநாபனுக்குப் போன் செய்தேன். கோபத்தில்தான்.

"அளவுகோல் தப்புன்னுதானே சார் நான் சொன்னேன்?"

"அதைச் சரி பண்ணிட்டோமே டாக்டர். சில பேருக்குக் குழந்தை வீட்ல இருக்கு, சில பேருக்கு இல்ல, அதான் ஒப்பிட முடியலைன்னு நீங்க காட்டினீங்க. இப்ப எல்லாருக்கும் ஒரே நிலைமை. இதைவிட நியாயம் என்ன இருக்கு?"

"குழந்தைங்க அப்பா இல்லாம வளரும் சார்."

"விருப்பப்பட்டவங்களுக்குத்தானே. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தல," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அந்த மனிதரிடம் சண்டை போடுவது தலையணையைக் குத்துவது மாதிரி இருந்தது.

அரசுத் துறைக்கு எழுதினேன். ஊழியர் நலத் திட்டங்கள் அளவுகோல் விதிகளுக்குள் வராது என்று பதில் வந்தது. எங்கள் நிலையத்தின் இயக்குநரோ, இவ்வளவு நல்ல பெயர் வந்திருக்கும்போது எதற்கு வம்பு என்றார். நெடுமாறன் போன் செய்து, "தேங்க்ஸ்க்கா, உன்னாலதான்" என்றான். நான் போனை வைத்துவிட்டுத் தென்காசிக்கு டிக்கெட் எடுத்தேன்.

கோமதி கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவள், பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தாள். நான் போனபோது குழந்தை ஆதிரை கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்தது. அப்போதே எட்டு மாதம். என்னைப் பார்த்ததும் நின்று யோசித்துவிட்டு, வேகமாக வந்து என் செருப்பைப் பிடித்துக்கொண்டது.

"வாங்க மதினி," என்றாள் கோமதி. "அவுக வரலியா?"

"வரல."

"ஆடி கழியட்டும்னாக. ஆவணில மழைன்னாக. புரட்டாசில விரதம்னாக. நம்ம ரெண்டு வீட்லயும் புரட்டாசிக்கு யாரு மதினி விரதம் இருந்திருக்கா? இப்ப மூணு வருசம் இங்கனயே இருன்னு கம்பெனியே சொல்லுது. நான் என்ன, குடோன்ல போட்டு வைக்கிற சரக்கா?"

குழந்தையின் பிடியிலிருந்து செருப்பை மெல்ல உருவினாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "நடுவுல ஒருவாட்டி வந்தாக. பிள்ளைய தூக்குங்கன்னா, கை கழுவிட்டு வாரேன்னு போவாக. போனா போனதுதான். பிள்ளை அழுதா மொட்டைமாடிக்கு ஏறிருவாக. எங்கப்பா முன்னாடி எனக்குத்தான் வெக்கமாப் போச்சு. அந்தக் கோடு இறங்கினா உடம்புக்கு எதும் கெடுதலா மதினி?"

"இல்ல. நல்லதுதான்."

"பெறகு என்ன பயம்?"

"பிரமோஷன்."

அவள் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லை. "இன்னைக்கே கெளம்புவோம் மதினி. நல்ல நாள் ஒண்ணும் பாக்க வேண்டாம்."

மறுநாள் காலை எழும்பூரில் நெடுமாறன் நின்றிருந்தான். இரண்டு கைகளையும் பின்னால் கட்டியிருந்தான். குழந்தையை நானே அவனிடம் நீட்டினேன். வேறு வழியில்லாமல் வாங்கினான். அது அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வீறிட்டது. அவன் உடனே அதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். பெட்டியை மட்டும் அழகாகத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

அன்றைக்கே அவனை உட்காரவைத்துப் பேசினேன்.

"ஒரு மாசம் மாறா. ஒரே வீட்ல இரு. தினமும் அவளைத் தூக்கு. குளிப்பாட்டு. தூங்கப் பண்ணு. கோடு இறங்கும், இறங்கட்டும். குழந்தையைப் பாத்துக்கிட்டதுக்காக ஒருத்தனுக்குப் பதவி போச்சுன்னு நான் கோர்ட்டுல சாட்சி சொல்றேன். உன் கோட்டை வெச்சே அந்த அளவுகோலைக் கிழிச்சுப் போடறேன்."

"என் கோட்டை வெச்சுத்தான் கிழிக்கணுமா?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் சமையலறையிலிருந்து கோமதி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "சரிக்கா" என்றான்.

அந்த ஒரு மாதமும் நான் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. நான் போய் நின்றால் எனக்காகத் தூக்குவான் என்று தோன்றியது. போனில் கேட்டால் கோமதி, "தூக்குதாக மதினி, தினம் தூக்குதாக" என்பாள். அதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டாள். எனக்குள் ஒரு ஆசை வளர்ந்துகொண்டே இருந்தது. கோடு சரியும், வழக்கு போடலாம், பத்மநாபன் முகத்தில் அந்தக் கோட்டை வீசலாம் என்ற ஆசை. என் தம்பி அப்பாவாகிவிடுவான் என்ற ஆசையும்தான்.

மாதம் முடிந்ததும் மைசூர்பாகு டப்பாவோடு என் ஆய்வகத்துக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"இறங்கவே இல்லக்கா."

போனை வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. தென்காசியில் குழந்தை இருந்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது. நம்பாமல் பேட்சைக் கழற்றச் சொல்லிச் சோதித்தேன், பேட்ச் சரியாக இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தேன், அதுவும் அதையே சொன்னது.

"நிஜமாவே தூக்கினியா?"

"தினமும். குளிப்பாட்டறேன், பவுடர் போடறேன், தோள்ல போட்டுத் தூங்க வைக்கறேன். நீ சொன்னது ஒண்ணு விடல. வேணும்னா கோமதியைக் கேளு. உன் ஆராய்ச்சில ஏதோ கோளாறு இருக்குக்கா."

அந்த பேட்ச் பதற்றத்தைக் காட்டும் ஹார்மோனையும் அளக்கும். அதைப் பிரித்துப் பார்த்தேன். கைக்குழந்தை வீட்டில் அழுதால் யாருக்கும் அது துள்ளும். அடுத்த வீட்டுக்காரனுக்குக்கூட லேசாகத் துள்ளும். இவனுடையது தெருவில் ஒரு நாய் குரைத்தால் துள்ளியது, அலுவலகத்திலிருந்து போன் வந்தால் துள்ளியது. குழந்தை அழுத நேரம் எது என்று அதில் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

"அவ அழும்போது நீ என்ன பண்ணுவே?"

கொஞ்சம் கூச்சப்பட்டான். "கோடு நிக்கறதுக்கு வடபழனில ஒருத்தர் பயிற்சி குடுக்கறார்க்கா. ஆபீஸ்ல எல்லாரும் போறோம். கை பாட்டுக்கு வேலை செய்யட்டும், மனசை மட்டும் அங்கேர்ந்து எடுத்துடணும்பார். நான் லாரி நம்பரா சொல்லிக்குவேன். எங்க லாரி நம்பர் எல்லாம் எனக்கு மனப்பாடம். சொல்ல ஆரம்பிச்சா அவ அழறதே கேக்காது. முதல்ல கஷ்டமா இருந்துச்சு. இப்பல்லாம் சொல்லவே வேண்டாம், தானா வந்துடுது."

"எப்பலேர்ந்து பண்றே?"

"அவ பொறந்ததுலேர்ந்து. இந்த மாசம்தான் சரியா கைகூடிச்சு."

வேட்டையாம், குகையாம். எத்தனையோ லட்சம் வருடம் எடுத்து உடம்பு கற்றுக்கொண்ட ஒன்றை, வடபழனியில் எவனோ ஒருவன் சில மாதத்தில் அழித்துக் காட்டிவிட்டான். அதற்கு என் தம்பி சம்பளத்திலிருந்து பணம் கட்டியிருக்கிறான்.

"மாறா, இது நல்ல சேதி இல்லடா. உன் குழந்தை அழறது உன் உடம்புக்குக் கேக்கல."

"அதானேக்கா வேணும்?" என்றான். "நீ ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? நல்லா யோசிச்சுப் பாரு. இனிமே அவங்க தென்காசில இருக்க வேண்டாம். நான் பயப்படவும் வேண்டாம். மூணு பேரும் இங்கயே இருக்கலாம். நீ கேட்டதும் இதைத்தானே?"

நான் கேட்டது இதைத்தான். அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. மைசூர்பாகு டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டு, கோமதியிடம் சொல்லவேண்டும் என்று வேகமாகக் கிளம்பிப் போனான்.

சில நாளில் அவனுக்கு மண்டலத் தலைவர் பதவி வந்தது. அதற்கு அடுத்த நாள் காலை கோமதி போன் செய்தாள்.

"மதினி, நான் சாயங்கால வண்டிக்கு ஊருக்குப் போறேன். உங்ககிட்ட சொல்லாமப் போகக்கூடாதுன்னு தோணுச்சு."

"அவன் எதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் நடத்துதாக. பிள்ளைய குளிப்பாட்டுதாக. தோள்ல போட்டுத் தட்டுதாக. அது அழ அழத் தட்டிக்கிட்டே இருக்காக மதினி, கண்ணு மட்டும் எங்கயோ இருக்கும். பிள்ளை இப்ப அவுக தோள்ல அழறதையே நிறுத்திட்டு. தூங்கல, முழிச்சுக்கிட்டேதான் கெடக்கு. அழுது என்னத்துக்குன்னு அதுக்கே தெரிஞ்சு போச்சு."

நான் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இறங்கிரும்னு பயந்துக்கிட்டுத் தூக்காம இருந்தாகல்லா, அப்பக்கூட நான் பொறுத்துக்கிட்டேன் மதினி. பயம் இருந்தா உள்ள என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்? இப்ப பயம் போயிட்டு. பயப்பட ஒண்ணுமே இல்லன்னு எங்கிட்டயே சொல்லிச் சிரிக்காக. நான் அங்க போயி மாத்தல் வாங்கி வேலையில சேந்துக்கிடுதேன். எங்கப்பா பாத்துக்கிடுவாக. பிள்ளை அழுதா எங்கப்பா அடுப்புல பாலை விட்டுட்டு ஓடி வருவாக."

இரு என்று சொல்ல வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது. அங்கேயிருந்து அழைத்துவந்தவள் நான்தான்.

மதியம் நெடுமாறன் போன் செய்தான். குரலில் கோபம் இல்லை. கணக்கு உதைக்கிறதே என்ற குழப்பம்தான் இருந்தது.

"அக்கா, கோமதி ஊருக்குப் போறேங்கறா. எனக்குப் புரியவே இல்ல. நான்தான் எல்லாம் பண்றேனே. கோடும் நின்னுடுச்சு, பதவியும் வந்துடுச்சு. இப்ப போய் ஏன் போறா?"

"அவகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். பிள்ளை அழறதில்ல, அதான் போறேங்கறா. அழலேன்னா நல்லதுதானே?"

இருபது வருடமாக ஹார்மோன்களைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறேன். இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னேன்.

"மாறா, எல்லாத்தையும் போட்டுட்டு ஸ்டேஷனுக்குப் போ. வண்டி கிளம்பறதுக்குள்ள போ."

"சரிக்கா," என்றான். சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது.

"போய் என்ன பண்ணணும்?" என்று கேட்டான்.

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான்.